ஏன் என்று கேட்போம்

தொழிற்சாலையில் விபத்து நேர்ந்தால் "விதி" என்கிறோம். இல்லையேல் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்கிறோம். அத்துடன் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. இது சரியா?

ஜப்பானிய டொயோட்டா நிறுவனத்தார் குறை ஒன்றைக் கண்டால் "ஏன்?" என்று கேட்பர். கிடைத்த விடைக்கும் "ஏன்?" என்பர். இவ்வாறு ஐந்து முறை கேட்டால் மூலகாரணம் வெளிப்படும் என்பது அவர்கள் அனுபவம்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம்பெண்கள். ஏன் பலரால் தப்ப முடியவில்லை? ஒரு வாயிற்கதவு பூட்டிக் கிடந்தது. ஏன் பூட்டினர்? துணி களவு போகுமோ என்ற ஐயம். சட்டம் இல்லையா? வேலை நேரத்தில் கதவைப் பூட்டலாகாது என்ற சட்டம் அன்றே இருந்தது! அது ஏட்டோடு நின்றுவிட்டது.

என் அம்மா வேலை செய்யும் தையற்கூடத்திலும் அவசர வழியை மறைத்துத் துணி மூட்டைகள் கிடக்கின்றனவாம். "ஏன்?" என்றேன். வைக்க வேறு இடமில்லை. ஏன்? மூட்டைகளை ஏற்றிச்செல்லும் வண்டி வாரம் ஒருமுறைதான் வருகிறது. அப்படியானால் மூட்டை தூக்குபவரைத் திட்டி என்ன பயன்? வண்டியல்லவா இருமுறை வரவேண்டும்!

"முதலாளியிடம் சொல்லுங்களேன், அம்மா" என்றேன். "வேலை போய்விட்டால்?" என்றார்.

அந்த அச்சமே கடைசி "ஏன்"னுக்கு விடை. கேட்பவரைத் தண்டிக்காத இடத்தில்தான் சட்டம் உயிர் பெறும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? நாளை நாம் பணிக்குச் செல்லும் இடங்களில், கேட்கத் துணிவோம். கேட்பவர் பக்கம் நிற்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி