களமே கல்விச்சாலை

பாடநூல் வினாவிற்கு விடை நூலிலேயே உண்டு. வாழ்க்கை வினாவிற்கு விடை களத்தில்தான் கிடைக்கும். ஆகவே, கல்லூரி மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, பிறருடைய உண்மையான சிக்கல்களைத் தீர்க்கப் பழக வேண்டும். இதனால் பாடங்கள் முடியாமற்போகும் என்பர் சிலர். கற்றது பயன்படும் இடத்தை அறிவதும் பாடமே அன்றோ?

2015-ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய தொழிலாளர் இருவரும், அவர்களைக் காக்கச் சென்ற ஆட்டோ ஓட்டுநர் நௌஷாதும் உயிரிழந்தனர். குற்றிப்புறம் பொறியியல் கல்லூரியில் ஒன்றாகப் பயின்ற நண்பர் நால்வர் இக்கொடுமைக்குத் தீர்வு காண முனைந்தனர். கேரள நீர் ஆணையத்தின் துணையுடன், பெருச்சாளியின் பெயர் கொண்ட ‘பாண்டிகூட்’ என்னும் இயந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. முன்பு குழிக்குள் இறங்கியோரே அதனை இயக்கப் பயிற்சி பெற்றனர். தொழிலாளியின் உயிர் காக்கப்பட்டது, தொழிலும் பறிபோகவில்லை.

இத்தகைய களங்கள் கொச்சியிலும் உள்ளன. மட்டாஞ்சேரிக்கு அருகில், ஃபோர்ட் கொச்சியின் சலவைக் கூடத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கின்றனர். நெடிய மழைக்காலத்தில் துணியை உலர்த்துவது அவர்களுக்கு அரும்பாடு. அங்குச் செல்லும் மாணவர் குழு, தான் செய்த கருவியைக் காட்டுவதற்கு முன், அவர்கள் கூறுவதைச் செவிமடுக்க வேண்டும். சிக்கலை முழுதும் அறிந்தவர் அதனோடு நாளும் போராடுபவரே. அவரை ஆசிரியராக ஏற்கும் குழுவே நிலைத்த தீர்வு காணும்.