கஞ்சியும் கோலாவும்

போன கிழமை எனக்கு வயிற்றோட்டம். றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்கிறவன் ஓட்டம் நின்று இரண்டு நாள் போகும்வரை வேலைக்குப் போகக்கூடாது. பிராண்டேயில் வளர்ந்த மகள், "கோலா குடியுங்கோ அப்பா" என்றாள். கோலாவின் சீனி ஓட்டத்தைக் கூட்டத்தான் செய்யும். நான் உப்புப்போட்ட கஞ்சிதான் குடித்தேன்.

1971இல் வங்காள அகதிகளிடையே கொலரா பரவ, பொங்காவ் முகாமில் சேலைன் முடிந்துபோனது. டொக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணீரைப் பருக்கியே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். பிறகு குளுக்கோசுக்குப் பதிலாக அரிசிமாவிலும் அதைச் செய்தார்கள். எங்கட அம்மாவின் கஞ்சி அதற்குக் கிட்டத்தான் நிற்குது!

ஒன்றில் மட்டும் அம்மா பிழை. வயிறு காயவேணும் என்று பட்டினி போடுவா. பசித்தால் குழைசோறு, வாழைப்பழம் சாப்பிடலாம். இரத்தம் போனால் கஞ்சியோடு நிற்காமல் டொக்டரிட்டைப் போங்கோ.