சும்மா இருந்த ஆயா

நேயர்களே, உங்கள் பாட்டி என்ன வேலை பார்த்தார் என்று யாராவது திடீரென்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அவசரப்பட வேண்டாம். நான் அவசரப்பட்டுச் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, அப்புறம் சொல்லுங்கள்.

என் பாட்டியின் ஊர் ஆரணியை அடுத்த கண்ணமங்கலம். எங்கள் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்றுதான் அழைப்போம். பட்டணத்து நேயர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரி என்று எண்ணிவிடக் கூடாது!

தாத்தா பட்டு நெசவாளி. வீட்டுக்குள் நுழைந்ததும் கூடத்திலே தறி. குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்து அவர் நெய்வார். சற்றுத் தள்ளி, ராட்டையும் கையுமாக ஆயா. காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் உட்கார்ந்தாளானால், சிட்டத்துப் பட்டு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே இருப்பாள். அந்தத் தார் நாடாவுக்குள் இருந்தால்தான் ஊடை ஓடும்; ஊடை ஓடினால்தான் புடவை வளரும். ஆயாவுக்குக் காய்ச்சல் கண்டால் தறியும் படுத்துக்கொள்ளும்!

புதுப் பாவு வந்துவிட்டாலோ கேட்க வேண்டாம். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புது இழையைச் சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதற்கும் ஆயாவின் விரல்கள்தாம்.

புடவை முடிந்ததும் கூலி தாத்தாவின் கைக்கு வரும். ஆயாவுக்கென்று அதில் தனிக் கணக்குக் கிடையாது. ஆடி மாதம் படவேட்டு ரேணுகாம்பாளைத் தரிசித்து வர பஸ்ஸுக்குக் காசு வேண்டுமென்றாலும், தாத்தாவைக் கேட்டுத்தான் வாங்குவாள்.

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. நான் கல்லூரி மாணவன். விடுமுறை நாளன்று ஊருக்குப் போயிருந்தேன். கணக்கெடுப்பவர் திண்ணையில் அமர்ந்து கேட்கக் கேட்க, படித்த பிள்ளை என்ற மிடுக்கோடு நான்தான் பதில் சொன்னேன்.

"தாத்தா?"

"பட்டு நெசவு, சார்."

"பாட்டி?"

"சும்மாத்தான் இருக்காங்க. வீட்டு வேலை."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். உள்ளே ராட்டைச் சத்தம் நின்றது.

"இன்னாடா கண்ணு, ஆயா சும்மாவா கீறேன்?"

குரலில் கோபமே இல்லை. "இந்த ஒரு தாரைச் சுத்தி வை. சோறு ஆக்கிட்டு வரேன்" என்று ராட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

பொருளாதாரம் படிப்பவனுக்கு இது ஒரு பிரமாதமா? உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் நூல் ஏழு முறை அறுந்தது. நான் போட்ட முடிச்சு ஒவ்வொன்றும் மிளகு அளவு! ஆயா வந்து பார்த்தாள், சிரித்தாள். அத்தனையையும் அவிழ்த்து, இருக்குமிடம் தெரியாமல் முடிந்தாள். பிறகு சோறும் போட்டாள். அந்தக் கணக்குக் காகிதத்தில் நான் போட்ட முடிச்சுத்தான் அவிழாமலே போயிற்று.

பத்திரிகை வேலைக்கு வந்த பிறகே விஷயம் தெரிந்தது. குடும்பத் தொழிலுக்குக் கூலியில்லாமல் கைகொடுப்பதும் 'வேலை'தான் என்பது அந்தக் கணக்கெடுப்பின் விதி. 'வீட்டுத் தொழில்' என்று தனிப் பிரிவே உண்டு! சர்க்கார் ஆயாவுக்கு இடம் ஒதுக்கியிருந்தது, பேரன்தான் கொடுக்கவில்லை. 2019-20இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: நாடெங்கும் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர், அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள்.

ஆயா காலமாகி ஆறு வருஷங்கள் ஆகின்றன. ராட்டை பரணில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க நினைத்ததுண்டு. 'நாளைக்கு, நாளைக்கு' என்று தள்ளிப்போட்டு, கேட்காமலே இருந்துவிட்டேன்.

2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாகக் கொண்டு எடுக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. உங்கள் வீட்டுப் பாட்டியைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ கேள்வி வரும்போது, உள்ளே ராட்டை சுற்றுகிறதா, தையல் மெஷின் ஓடுகிறதா, பால் கறக்கும் ஓசை வருகிறதா என்று ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள், நேயர்களே.

நானும் என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். ஆயாவின் தொழில்: பட்டு நெசவு.