தைராய்டு கட்டி: ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டி.ஆர் 4' என்றிருந்தால் பயப்பட வேண்டுமா?

கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் முதலில் கண்ணில் படுவது 'நாட்யூல்' என்ற வார்த்தை. பக்கத்திலேயே 'டி.ஆர் 3', 'டி.ஆர் 4' என்று ஏதோ ஓர் எண். டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கும். அதற்குள் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அந்த எண்ணுக்கு என்னதான் அர்த்தம்?

முதலில் நல்ல செய்தி. தைராய்டு கட்டிகள் மிகவும் சாதாரணமானவை. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வயது ஏற ஏற இன்னும் அதிகம். 10 கட்டிகளில் சுமார் 9 புற்றுநோய் அல்ல. மீதி ஒன்று எது என்று கண்டுபிடிக்கத்தான் அல்ட்ராசவுண்ட்.

'எனக்கு டி.எஸ்.ஹெச் நார்மல், அப்புறம் என்ன?' என்று சிலர் கேட்பதுண்டு. ரத்தப் பரிசோதனை, சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் சொல்லும். கட்டியின் குணத்தைச் சொல்லாது.

மார்க் போடும் 5 விஷயங்கள்

அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017-ல் வெளியிட்ட 'டி.ஐ.-ராட்ஸ்' முறையில், கட்டிக்கு மார்க் போடுகிறார்கள். மார்க் கூடினால் சந்தேகமும் கூடும்.

1. உள்ளே என்ன இருக்கிறது? நீர் அல்லது பஞ்சு போல இருந்தால் 0. முழுக்கத் திடமாக இருந்தால் 2.
2. திரையில் எவ்வளவு கறுப்பு? திடமான கட்டி சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கறுப்பாக இருந்தால் 2. மிகவும் கறுப்பாக இருந்தால் 3.
3. வடிவம். அகலத்தைவிட உயரம் அதிகமாக இருந்தால் 3.
4. ஓரம். வழவழப்பாக இருந்தால் 0, ஒழுங்கற்று இருந்தால் 2, சுரப்பியைத் தாண்டிப் பரவியிருந்தால் 3.
5. உள்ளே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் 3.

மொத்தம் 2 வரை என்றால் டி.ஆர் 1 அல்லது 2. ஊசிப் பரிசோதனை தேவையில்லை. 3 மார்க் என்றால் டி.ஆர் 3, 4 முதல் 6 வரை டி.ஆர் 4, 7-க்கு மேல் போனாலும், 7 என்றாலும் டி.ஆர் 5.

அடுத்து அளவு. டி.ஆர் 3 கட்டி 2.5 செ.மீ., டி.ஆர் 4 கட்டி 1.5 செ.மீ., டி.ஆர் 5 கட்டி 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பொதுவாக ஊசி போட்டு செல்களை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதைவிடச் சிறியது என்றால், தேவைப்பட்டால் இடைவெளிவிட்டு மறுபடி ஸ்கேன். ஆக, 1 செ.மீ. அளவுள்ள 'டி.ஆர் 4' கட்டிக்குப் பெரும்பாலும் கண்காணிப்பே போதும்.

'சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் நல்லதுதானே?'

இந்தக் கேள்விக்குப் பதில் தென் கொரியாவில் இருக்கிறது. அங்கே 1999-ல் அரசின் புற்றுநோய் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும், கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் கழுத்தையும் ஸ்கேன் செய்து தருகிறோம் என்றன மருத்துவமனைகள். மக்களும் ஆர்வமாகச் செய்துகொண்டார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கானது. ஆனால், அந்த நோயால் இறப்பவர்களின் விகிதம் குறையவே இல்லை.

அதாவது, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தந்திருக்காத சின்னஞ்சிறு கட்டிகளைத் தேடிப்பிடித்து அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரை. சிலருக்குக் குரல் பாதிப்பு, கால்சியம் குறைபாடும் வந்தன. இதனால்தான் அறிகுறியே இல்லாதவர்கள் தைராய்டு புற்றுநோய்க்காக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று 2017-ல் அமெரிக்க நிபுணர் குழுவும் பரிந்துரைத்தது.

எப்போது தள்ளிப்போடக் கூடாது?

கட்டி வேகமாக வளர்ந்தால், குரல் கரகரப்பு மாறாமல் இருந்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால், கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியிருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். சிறுவயதில் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றிருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தாலோ அதை மறக்காமல் சொல்லுங்கள்.

டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகள்: இது எந்த முறைப்படி போட்ட எண்? (ஐரோப்பாவுக்கும் கொரியாவுக்கும் தனித்தனி முறைகள் உண்டு.) கட்டியின் அளவு என்ன? ஊசி இப்போதே தேவையா, இல்லை என்றால் அடுத்த ஸ்கேன் எப்போது?

பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.