வளையச் சுற்றும் நம் வீட்டு மின்கம்பியின் பருமனும்

கல்கத்தா மின்வழங்கு நிறுவனம் 1899ஆம் ஆண்டில் தன் முதல் மின்நிலையத்தை இயக்கியது. அந்நாளில் மின்சாரம் பெற்ற வீடுகளில் அது செய்த பணி மிகச் சிறிது: சில விளக்குகள் எரிந்தன, ஒன்றிரண்டு விசிறிகள் சுழன்றன. இரப்பர் உறையிட்ட மெல்லிய கம்பிகள் மரப்பட்டிகளுக்குள் சென்று அச்சிறு சுமையை எளிதில் தாங்கின. இன்று வட கொல்கத்தாவின் பழைய மனைகளாயினும், தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் லேக் மார்க்கெட் பகுதியின் அடுக்கு வீடுகளாயினும், குளிர்சாதனமும் வெந்நீர்க் கொதிகலமும் மின்தூண்டல் அடுப்பும் உள்ள வீடுகள் பல. ஆதலின் பழைய கம்பிகளைக் களைந்து புதியன இழுக்கும் வேலை எங்கும் நடைபெறுகிறது. எந்தப் பருமனுள்ள கம்பியை இடுவது என்னும் வினாவும் உடன் எழுகிறது.

இவ்வினாவுக்கு ஆங்கில நாட்டுக் கைந்நூல்களைப் பார்த்து விடை கூறுவோர் உளர். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை வளையமாக இட்டு, 32 ஆம்பியர் மின்முறிப்பானில் இணைத்தால் வீட்டின் செருகுவாய்கள் அனைத்துக்கும் போதும் என்பது அவர்கள் கூற்று. அந்நாட்டில் அது முறையே. நம் வீடுகளுக்கு அது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வளையச் சுற்று என்பது யாது? பகிர்வுப் பலகையிலிருந்து புறப்படும் கம்பி, ஒவ்வொரு செருகுவாயையும் தொட்டுச் சென்று, மீண்டும் அப்பலகையிலுள்ள அதே மின்முறிப்பானுக்கே திரும்பி வருகிறது. ஒவ்வொரு செருகுவாய்க்கும் மின்னோட்டம் இரு வழிகளில் வந்து சேர்வதால், சிறிய கம்பியே பெரிய சுமையைத் தாங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் செம்பு அருகிப்போயிற்று. போருக்குப் பின் எழவேண்டிய வீடுகளைக் கருதி 1944இல் வெளியான அறிக்கையொன்று இம்முறையைப் பரிந்துரைத்தது. அம்முறைக்கு உரிய 13 ஆம்பியர் பிளக்குக்கான நியமம் 1947இல் பிறந்தது. அந்தப் பிளக்கின் உள்ளேயே பியூஸ் எனப்படும் உருகுகம்பி ஒன்று உண்டு. மேசை விளக்கின் மெல்லிய வளைகம்பியில் பழுது நேரின், பிளக்கிலுள்ள சிறிய பியூஸ் முதலில் உருகி அதைக் காக்கும். சுவரிலுள்ள வளையமும் பிளக்கிலுள்ள பியூஸும் ஒரே ஏற்பாட்டின் இரு பாதிகள் எனலாம்.

நம் நாட்டில் வழங்குவன 6 ஆம்பியர், 16 ஆம்பியர் உருளைமுனைப் பிளக்குகள். இவற்றினுள் பியூஸ் கிடையாது. எனவே, வளையத்தை மட்டும் இங்குக் கொணர்ந்தால், மேசை விளக்கின் மெல்லிய கம்பிக்கும் பகிர்வுப் பலகையிலுள்ள 32 ஆம்பியர் முறிப்பானே காவலாகிறது. அக்கம்பி தாளாது வெம்மையுற்று உறை இளகும் அளவுக்கு மின்னோட்டம் மிகுந்தாலும், முறிப்பான் அதைத் தன் வரம்புக்கு உட்பட்ட சுமையென்றே கொள்ளும்.

இரண்டாவது இடர் இதனினும் பெரிது. அது கண்ணுக்குப் புலப்படாதது. வளையத்தின் ஏதோ ஓர் இணைப்பில் திருகு தளர்ந்து கம்பி விடுபட்டதெனக் கொள்வோம். வீட்டில் ஒரு விளக்கும் அணையாது. ஒரு கருவியும் நிற்காது. மின்சாரம் மற்றொரு வழியாக வந்துகொண்டேயிருக்கும். ஆயினும் இரு வழிகள் பகிர்ந்து சுமந்த சுமை இப்பொழுது ஒரே வழியில் ஏறுகிறது. 230 வோல்ட் மின்னழுத்தத்தில் குளிர்சாதனம் சுமார் 8 ஆம்பியரும், 2,000 வாட் கொதிகலம் சுமார் 9 ஆம்பியரும், அதே திறனுள்ள மின்தூண்டல் அடுப்பு சுமார் 9 ஆம்பியரும் கொள்ளும். மூன்றும் ஒருங்கே இயங்கின் 26 ஆம்பியர். சுவர்க் குழாயில் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, பி.வி.சி. உறையுடன், 30 பாகை வெப்பச் சூழலில் தாங்கக்கூடியது 24 ஆம்பியரே. முறிப்பானோ 32 ஆம்பியர் வரை அசையாது. கம்பி சுவருக்குள் நாள்தோறும் வெம்மையுற்று உறை கெட்டுப்போவதை வீட்டிலுள்ளோர் அறியார்.

மூன்றாவது, நம் தட்பவெப்பம். மேற்கூறிய 24 ஆம்பியர் என்னும் அளவு 30 பாகை செல்சியஸ் சூழலுக்கு உரியது. சித்திரை வைகாசியில் மொட்டை மாடியின் கீழ்ச் செல்லும் குழாயினுள் அத்தகைய குளிர்ச்சி ஏது? சூழல் 40 பாகையாயின் அளவை 0.87ஆலும், 45 பாகையாயின் 0.79ஆலும் பெருக்க வேண்டும். 24 ஆம்பியர் முறையே ஏறக்குறைய 21ஆகவும் 19ஆகவும் குறைகிறது. ஒரே குழாயில் இரு சுற்றுகளின் கம்பிகள் சென்றால் மேலும் 0.8ஆல் பெருக்க வேண்டும். 45 பாகையில் எஞ்சுவது 15 ஆம்பியரே. வளையத்திலுள்ள கம்பி குறைந்தது 20 ஆம்பியர் தாங்கவேண்டும் என்பது ஆங்கிலேயர் தாமே வகுத்த நிபந்தனை. கொல்கத்தாவின் கோடையில் அந்நிபந்தனையே நிறைவேறவில்லை.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது என்ன? நம் நாட்டு நியமங்கள் நெடுங்காலமாகக் காட்டிவந்துள்ள கிளைச்சுற்று முறையைக் கைக்கொள்வதே தக்கது. விளக்கு விசிறிச் சுற்று ஒன்றில் 10 முனைகளுக்கும் 800 வாட்டுக்கும் மேற்படலாகாது. திறன்சுற்று ஒன்றில் இரண்டு செருகுவாய்களுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் தனி முறிப்பான் வேண்டும். விளக்குச் சுற்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போதும். கொதிகலம், குளிர்சாதனம் போன்றவற்றின் திறன்சுற்றுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 20 ஆம்பியர் முறிப்பானும் பொருந்தும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியின் அளவு 32 ஆம்பியர்; 45 பாகை வெப்பத்தில், இரு சுற்றுகள் ஒரே குழாயில் சென்றாலும், 20 ஆம்பியர் எஞ்சும். கம்பிக்கு மேலும் சில நூறு ரூபாய் செலவாகுமே என்று கருதுவோர், சுவரை மீண்டும் உடைத்துக் கம்பி மாற்றும் செலவையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

கடைத்தெரு வழக்கிலும் எச்சரிக்கை வேண்டும். எஸ்ரா தெருவிலாயினும் நம் ஊர்க் கடைகளிலாயினும் '3/20', '7/20' என்னும் பழைய பெயர்கள் இன்னும் மறையவில்லை. 3/20 என்பது 20ஆம் எண் கம்பியிழைகள் மூன்று சேர்ந்தது. கணக்கிட்டால் அதன் பருமன் ஏறக்குறைய 2 சதுர மில்லிமீட்டரேயாகும். அதனை 2.5 எனக் கொண்டு வாங்குவது ஐந்தில் ஒரு பங்குச் செம்பை இழப்பதாகும். கம்பியின்மேல் சதுர மில்லிமீட்டர் அளவும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பொறித்திருத்தலைக் கண்டு வாங்குக. பழைய வீட்டில் இருப்பது அலுமினியக் கம்பியாயின், அதே பருமனுள்ள செப்புக் கம்பி தாங்குவதில் ஏறத்தாழ முக்கால் பங்கே அது தாங்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு கைவிளக்கு மின்கலத்தையும் மூன்று சிறு விளக்குகளையும் கொண்டு, போகும் கம்பி, மீளும் கம்பி ஆகிய இரண்டையும் வளையமாக அமைத்து, ஒரு வளையத்தை ஓரிடத்தில் துண்டித்துக் காட்டுக. விளக்குகள் தொடர்ந்து எரியும். "பழுது நேர்ந்ததை எவ்வாறு அறிவீர்கள்?" என்று மாணவரை வினவுக. அவ்வினாவுக்கு அவர்கள் தேடும் விடையே பாடமாகும். களப்பணியாளர்கள் வீடுகளுக்குச் செல்லும்போது பகிர்வுப் பலகையைத் திறக்கச் செய்து, முறிப்பானில் எழுதியுள்ள எண்ணையும் அதிலிருந்து புறப்படும் கம்பியின் பருமனையும் ஒப்பிட்டு நோக்குமாறு மின்பணியாளரை வேண்டலாம். முறிப்பான் அடிக்கடி விழுகிறதென்று பெரிய முறிப்பானை மாட்டும் பழக்கத்தைக் கண்டவிடத்துத் தயங்காது தடுத்தல் வேண்டும். முறிப்பான் காப்பது முதலில் கம்பியை. எனவே, அதன் எண் கம்பியின் தாங்குதிறனை விஞ்சலாகாது.

பிறநாட்டு நூல்களைத் தமிழில் ஆக்கும் பணியில் உள்ளோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. 'வளையச் சுற்று' என்னும் சொல்லைத் தமிழாக்குதல் எளிது; அச்சுற்றுக்குத் துணையான பிளக்கும், அந்நாட்டுக் குளிரும் சொல்லோடு உடன்வருவதில்லை. அட்டவணையைப் பெயர்க்குமிடத்து, அது எந்தச் சூழலுக்குரிய அட்டவணை என்பதையும் ஒரு வரியிலேனும் எழுதுதல் வேண்டும். அவ்வொரு வரி இன்றேல், படிப்பவர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்வார். அந்த எண்ணை நம்பிச் சுவருக்குள் புதைக்கப்படும் கம்பியின்கீழ் ஒரு குடும்பம் பல்லாண்டு உறங்கப்போகிறது என்பதை நாம் மறத்தலாகாது.