2 வினாடி வேலை. 10 வினாடிப் படம்!
நடவு நடும் பெண்ணின் முகத்துக்கு விலை உண்டு

தஞ்சை மாவட்டத்தில் ஒரு நடவு வயல். பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள். ஒரு பெண் நாற்று முடியைப் பிரித்து, சில நாற்றுகளை எடுத்துச் சேற்றில் ஊன்றுகிறார். அதற்கு 2 வினாடி போதும்.

அந்த 2 வினாடியைக் காமிரா 10 வினாடியாகக் காட்டும். விரல் சேற்றில் இறங்குவதும், நீர்த்துளி தெறிப்பதும் நிதானமாகத் தெரியும். இப்படிப்பட்ட படத்துக்கு உலகச் சந்தை இருக்கிறது!

யார் வாங்குகிறார்கள்?

விளம்பரப் படம் எடுப்பவர்களும், டெலிவிஷன் கம்பெனிகளும் ஒரு வயலைக் காட்டுவதற்காகத் தஞ்சாவூர் வரை வர முடியாது. அவர்களுக்காகவே படத்துண்டுகளைச் சேர்த்து வைத்து விற்கும் கம்பெனிகள் உள்ளன. அமெரிக்காவில் 2003-ம் ஆண்டு தொடங்கிய "ஷட்டர்ஸ்டாக்" அவற்றில் ஒன்று.

படம் பிடித்தவர் இன்டர்நெட் மூலம் அனுப்புகிறார். விற்றால் அவருக்கு ஒரு பங்கு கிடைக்கும். விற்காவிட்டால் ஒன்றும் இல்லை.

வெயில்தான் விளக்கு

சாதாரணமாக, வினாடிக்கு 24 படங்கள் ஓடும். மெதுவாகக் காட்ட, வினாடிக்கு 120 படங்கள் பிடிக்க வேண்டும். அவற்றை 24 வீதம் ஓட்டினால், எல்லாம் 5 மடங்கு மெதுவாக நடக்கும்.

இவ்வளவு வேகமாகப் பிடிக்க நல்ல வெளிச்சம் தேவை. மின்சார விளக்கு பல நேரம் காலை வாரிவிடும். நம் ஊர் மின்சாரத்தில் பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல், மெதுவான படத்தில் தெரிந்துவிடும். வயல்வெளியில் அந்தத் தொல்லை இல்லை.

பிறகு படத்தை வெட்ட வேண்டும். 5 வினாடிக்குக் குறையக் கூடாது. 60 வினாடியைத் தாண்டக் கூடாது. வரப்பில் கிடக்கும் உர மூட்டையில் கம்பெனிப் பெயர் தெரிந்தால், விளம்பரத்துக்கு அந்தப் படம் ஆகாது.

சம்மதச் சீட்டு

முகம் அடையாளம் தெரிந்தால் இன்னொன்றும் வேண்டும். அதுதான் அவர் கையெழுத்திட்ட சம்மதச் சீட்டு. அது இல்லாவிட்டால், செய்தி போன்றவற்றுக்கு மட்டுமே படம் பயன்படும். விளம்பரத்துக்கு விற்க முடியாது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, படத்தின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு உரியது. நடவு நட்ட பெண்ணுக்கு அல்ல. எத்தனை தடவை விற்றாலும், பேசி வைக்காவிட்டால் அவருக்குப் பங்கு வராது. கையெழுத்துப் போட்டபின், சோப்பு விளம்பரத்தில் அவர் முகம் வரலாம்; பாங்கி விளம்பரத்திலும் வரலாம். அவரை மறுபடி கேட்கமாட்டார்கள்.

ஆகவே, அவர் தமது நிபந்தனையைச் சொல்ல வேண்டிய நேரம், கையெழுத்துக்கு முந்திய நேரம்தான்.

என்ன செய்யலாம்?

படம் பிடிப்பவருக்கும் செலவு உண்டு. காமிரா விலை அதிகம். அனுப்பும் படம் எல்லாம் விற்பதும் இல்லை. ஆனாலும், சீட்டில் உள்ளதைத் தமிழில் படித்துச் சொல்ல அவருக்குச் செலவு இல்லை. படம் எங்கெல்லாம் போகும் என்பதையும் சொல்லலாம். நடவுக் கூலி வேறு, படத்துக்கான பணம் வேறு என்று பேசி முடிக்கலாம். சீட்டின் நகல் ஒன்றைக் கையில் கொடுக்கலாம்.

விருப்பம் இல்லாத பெண் மறுக்கலாம். அப்போது கையையும் நாற்றையும் மட்டும் படம் பிடிக்கலாம். அதுவும் அழகுதான்!

படித்துப் பார்க்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நிலத்துக்குச் சொன்ன அந்தப் புத்தி, முகத்துக்கும் பொருந்தும்.