உருளைக்கிழங்கு வேரின் வாசனையும் தங்க நூற்புழுவும்

நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிரிடுவோருக்குத் தங்க நூற்புழு புதிய சத்துருவன்று. 1961-ம் வருஷத்தில் ஜோன்ஸ் என்ற ஆங்கில நிபுணர் உதகமண்டலத்தில் அதைக் கண்டறிந்தார். அதற்கு அறுபது வருஷம் முன்னரே, 1901-ல், சென்னை மாகாணத்துச் சர்க்கார் தாவர நிபுணராயிருந்த பார்பர், தேவாலாவில் தேயிலை வேர்களில் முடிச்சுண்டாக்கும் வேறொரு நூற்புழுவைப் பற்றி எழுதியிருக்கிறார். இவ்வளவு காலம் பழகியும், மண்ணிலிருக்கும் புழு மருந்து போட்டால் ஒழிந்துவிடும் என்ற எண்ணம் குடியானவர்களிடையே நீங்கினபாடில்லை. அவ்வெண்ணம் நிலத்தையும் கெடுத்துப் பணத்தையும் கரைக்கிறது. இப்புழு எதைக் கொண்டு வேரை அறிகிறது என்பதைத் தெரிந்துகொண்டவர்க்கு, தம் நிலத்தில் உருளைக்கிழங்கு வேரின் வாசனை எப்பொழுது இருக்கலாம், எப்பொழுது இருக்கலாகாது என்பதைத் தம் கையில் வைத்துக்கொள்வதே முதல் பரிகாரம் என்பது விளங்கும்.

பெண்புழு இறக்கும்பொழுது அதன் தோல் தடித்துக் கடுகினும் சிறிய பழுப்புநிற உருண்டையாகிறது. இதுவே முட்டைக்கூடு. ஒரு கூட்டினுள் 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஓர் இளம்புழு சுருண்டு கிடக்கும். ஈரமிருந்தாலும், உழுதாலும், எருவிட்டாலும் அவற்றுள் பெரும்பாலானவை அசைவதில்லை. இருபது வருஷமாயினும் சில உயிரோடு காத்திருக்கும். உருளைக்கிழங்கு வேர் வளரும்பொழுது அதிலிருந்து சில ரசாயனப் பொருள்கள் மண்ணீரில் கசிகின்றன. அந்நீர் கூட்டைத் தொட்ட மாத்திரத்தில் தூக்கம் கலைகிறது. முட்டையின் உட்தோலில் கொழுப்புப் படலம் ஒன்றுண்டு. வேரின் கசிவு படவே அப்படலம் இளகி, புழுவைச் சூழ்ந்திருக்கும் டிரிஹலோஸ் என்னும் சர்க்கரை வெளியேறித் தண்ணீர் உள்ளே செல்லுகிறது. வாடிக்கிடந்த புழு நீரேறித் திமிரெடுத்து, வாயிலுள்ள ஊசியால் ஓட்டைக் கிழித்துக்கொண்டு புறப்படுகிறது. இக்கசிவிலுள்ள பொருள்களில் முக்கியமான ஒன்றை 2011-ல் ஜப்பானிய ரசாயன நிபுணர்கள் ஆய்வுசாலையில் செயற்கையாகவே செய்து முடித்தனர். ஆயினும் அதை ஏக்கர் கணக்கில் தெளிக்கும் காலம் வந்துவிடவில்லை. அதை நம்பி எவரும் காத்திருக்க வேண்டுவதில்லை.

வெளிவந்த புழுவின் நீளம் அரை மில்லிமீட்டர். அதற்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. தலையின் இருபுறத்திலும் மிக நுண்ணிய இரண்டு குழிகள் உண்டு. அவற்றினுள் வந்து முடியும் நரம்பு நுனிகளே அதற்கு மூக்கும் நாவுமாகும். மண்துகள்களைச் சூழ்ந்த மெல்லிய நீர்ப்படலத்தில் தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டு செல்லும்பொழுது, வேரிலிருந்து வரும் கரியமிலவாயுவும் பிற கசிவுகளும் எத்திசையில் மிகுகின்றனவோ அத்திசையை அது நாடுகிறது.

அற்பப் புழுவிற்கு இத்துணை அறிவு ஏது என்று எவரும் நகைக்க வேண்டாம். நூற்புழு இனத்தில், பயிருக்குத் தீங்கு செய்யாமல் பாக்டீரியாவை உண்டு வாழும் ஒன்றை ஆய்வுசாலைகளில் வெகுகாலமாக வளர்த்து வருகின்றனர். அதன் உடலில் 959 உயிரணுக்களே உள்ளன. அவற்றுள் 302 நரம்பணுக்கள். அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதம் முழுவதையும் 1986-ல் படமாக வரைந்து வெளியிட்டனர். தான் வளர்ந்த உஷ்ணநிலையை அப்புழு நினைவில் வைத்திருப்பது 1975-லும், தன்னை நோய்ப்படுத்திய பாக்டீரியாவின் வாசனையைப் பின்னர் விலக்கக் கற்றுக்கொள்வது 2005-லும் நிரூபிக்கப்பட்டன. உருளைக்கிழங்கின் புழுவும் அக்குலத்தைச் சேர்ந்ததே.

ஆனால் அதற்கு ஒரு பலவீனமுண்டு. முட்டையிலிருந்து வெளிவந்தபின் வேரை அடையும் வரையில் அது எதையும் உண்ண இயலாது. உடலில் உள்ள கொழுப்பே கட்டுச்சோறு. அது தீருமுன் வேர் அகப்படாவிடில் மரணந்தான். அகப்பட்டால், வேருக்குள் நுழைந்து சில உயிரணுக்களைத் தனக்கு இரையூட்டும் ஒரே பாத்திரம்போல மாற்றிக்கொள்கிறது. அங்கும் அது தன் சூழ்நிலைக்கேற்ப நடந்துகொள்கிறது. இரை மிகுந்த வேரில் பெண்கள் மிகுதியாகவும், கூட்டம் நெருங்கி இரை குறைந்த வேரில் ஆண்கள் மிகுதியாகவும் உண்டாகின்றன. பருத்த பெண் வேரைப் பிளந்து வெளியே தெரியும்பொழுது ஆண்புழு அதன் வாசனையைக் கொண்டே அதைத் தேடி வருகிறது.

இனி மருந்தைப் பற்றி. நூற்புழுவுக்கென்று மண்ணில் இடப்பட்டு வந்த குருணை மருந்துகளிற் பல நரம்பைத் தாக்கும் கார்பமேட் இனத்தவை. மண்ணில் கரைந்து பரவும் சிறிய அளவில் அவை புழுவைக் கொல்வதினும் மயக்குவதே அதிகம். மயங்கிய புழுவுக்கு வேரின் திசை தெரிவதில்லை. முட்டையும் எளிதில் பொரிப்பதில்லை. ஆகவே அப்போகத்தில் பயிர் செழித்து, மருந்து பலித்தது என்ற நம்பிக்கை பிறக்கிறது. மழைநீர் மருந்தைக் கழுவியதும் பல புழுக்கள் தெளிந்தெழுகின்றன. பொரியாத முட்டைகள் அடுத்த பயிருக்குக் காத்திருக்கின்றன. அன்றியும் இவை மனிதருக்கும் பறவைக்கும் கொடிய விஷம். இவ்வினத்தைச் சேர்ந்த ஆல்டிகார்ப் 2001-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மலைச்சரிவில் இடும் விஷம் ஓடைக்கே போய்ச் சேரும் என்பதை நீலகிரியாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பயிர் மாற்றமே சிறந்ததென்று இலாகா வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. முட்டைக்கோசு, காரட், பீட்ரூட், பீன்ஸ், பூண்டு ஆகியவற்றின் வேர்களில் இப்புழு இரைகொள்ளாது. உருளையில்லாத நிலத்திலும் வருஷந்தோறும் ஒரு பகுதி முட்டைகள் தாமாகவே பொரித்து, வேர் கிட்டாமல் பட்டினியால் மாளும். எனவே மூன்று நான்கு வருஷம் இடைவெளி விட்டால் புழுவின் தொகை வெகுவாகக் குறையும். இதில் ஐயமில்லை. ஆயினும் மாற்றுப்பயிர் இட்டும் பலனில்லை என்று சொல்வோரின் நிலத்தைச் சென்று பார்த்தால் காரணம் கண்ணெதிரே நிற்கும். கோசுப் பாத்திகளின் நடுவே, சென்ற அறுவடையில் மண்ணில் விடுபட்ட கிழங்குகள் தாமே முளைத்துத் தழைத்திருக்கும். சமையலுக்கு ஆகுமென்று அவற்றைப் பிடுங்காமல் விட்டுவைப்பதும் உண்டு. குளிர்நாடுகளில் உறைபனி இத்தகைய கிழங்குகளிற் பலவற்றை அழித்துவிடும். நீலகிரியில் மேற்பரப்பில் பனி உறைந்தாலும் மண்ணின் உள்ளே உறைவதில்லை. நீர்ப்போகம், கார்ப்போகம், கடைப்போகம் என எப்பருவத்திலும் அவை முளைக்கும். அப்படிப்பட்ட ஒரு செடியின் வேரில் நூறு பெண்புழுக்கள் முதிர்ந்தால், இருபதினாயிரத்துக்குக் குறையாத முட்டைகள் நிலத்தில் சேரும். தான்தோன்றிச் செடியுள்ள நிலத்தில் பயிர் மாற்றம் என்பது கணக்குப் புத்தகத்தில் மட்டும் நடப்பது.

அச்செடியையே முளைத்து ஐந்து வாரத்திற்குள் வேரோடு கல்லிக் கிழங்குடன் அப்புறப்படுத்தினால் அதுவே புழுவுக்குப் பொறியாகிறது. வேரின் வாசனையால் எழுந்து வந்த புழுக்கள் பெண்ணாக முதிர்வதற்குள் வேரோடு அழிகின்றன. ஹாலந்து தேசத்தில் உருளையை வேண்டுமென்றே நட்டு, சுமார் நாற்பது நாளில் அழித்துவிடும் முறையும் உண்டு. அது நாள் தவறாமல் செய்ய வல்லவர்க்கே ஏற்றது. ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பொறி நாற்றங்காலாகிவிடும். ஆகவே அது இங்கு பொதுவாகச் சிபாரிசு செய்யத்தக்கதன்று. தக்காளியும் கத்தரியும் இப்புழுவுக்கு இரையே. அவற்றை மாற்றுப்பயிராகக் கொள்ளலாகாது.

மூன்று வருஷம் உருளையை விட்டால் பிழைப்பது எவ்வாறு என்ற கேள்வி நியாயமானது. கோசின் விலை சரிந்த வருஷத்தில் அக்கேள்வி மேலும் கூர்மையாகும். நிலத்தை நான்கு பங்காக்கி, ஆண்டுதோறும் ஒரு பங்கில் மட்டும் உருளை இடுவது பத்து ஏக்கர் உள்ளவர்க்கு எளிது. ஒரு ஏக்கர் உடையவர்க்கு அத்தனை எளிதன்று. அத்தகையோர்க்கு எதிர்ப்புச் சக்தியுள்ள ரகங்கள் உதவும். 1985-ல் வெளியான குப்ரி சுவர்ணா அவ்வகையைச் சேர்ந்தது. இதன் வேரின் வாசனையால் முட்டைகள் பொரிக்கும். உள்நுழைந்த புழு பெண்ணாக வளர இயலாமல் நலியும். எனினும் அதையே ஓயாமல் இடுவதும் ஆபத்து. நீலகிரியில் பொன்னிறப் பெண்ணையுடைய இனம், வெண்ணிறப் பெண்ணையுடைய இனம் என இரண்டுமுண்டு. இங்கிலாந்தில் 1966-ல் வெளிவந்த மாரிஸ் பைப்பர் என்ற ரகம் பொன்னிறப் புழுவை ஒடுக்கியது. அந்த ரகமே எங்கும் பரவியபின், அதற்கு அடங்காத வெண்ணிறப் புழு அந்நாட்டு நிலங்களில் மேலோங்கிற்று. எனவே எதிர்ப்பு ரகமும் பயிர் மாற்றத்தில் ஒரு முறைக்குரியதேயன்றி அதற்குப் பதிலாகாது.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமையுண்டு. இப்புழு தானாக வருஷத்திற்குச் சில அடிக்கு மேல் நகராது. அதை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வது விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணும், சாக்கும், மண்வெட்டியும், வண்டிச் சக்கரமுமே. 1971-ல் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே செல்லலாகாதென்று தடை ஏற்பட்டது. இமாசலப் பிரதேசம், உத்தரகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகிய வடபகுதிகளிலும் இப்புழு காணப்பட்டதன் பேரில் 2018-ல் அங்கிருந்தும் விதைக்கிழங்கு வெளிச்செல்வதை மத்திய சர்க்கார் தடுத்தது. தடையுத்தரவு காகிதத்தில் இருக்க, கிழங்கு தரம்பிரிக்கும் களங்களில் உதிர்ந்த மண்ணை அள்ளி எருவோடு கலந்து அயல் நிலங்களுக்குக் கொடுத்தால் உத்தரவால் ஆவதென்ன? அம்மண்ணைப் பயிரிடாத ஓரிடத்தில் புதைக்கச் செய்யலாம். பூக்கும் தருணத்தில் நடுப்பகலில் வாடித் திட்டுத்திட்டாகக் குன்றியிருக்கும் செடிகள் இரண்டொன்றை மெதுவாகத் தோண்டி, வேரை நீரில் அலசிப் பார்க்கும்படி குடியானவர்களுக்குச் சொல்லலாம். வேரில் பொன்னிறமாகவோ வெண்ணிறமாகவோ நுண்ணிய மணிகள் தென்பட்டால், அந்நிலத்துக் கிழங்கை விதைக்கென்று விற்கவிடாமல், மண் மாதிரியுடன் அருகிலுள்ள இலாகா அலுவலகத்திற்கு அன்றே தெரிவிப்பது அவசியம்.